வீங்கிய உதடும் நம்முடைய நாவும்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தவறு செய்தவன் நான். அது என்னோடு நின்றுவிட்டால் எழுத வேண்டியதில்லை. நம் ஊர்களில், நம் மதரஸாக்களில், நம் வீட்டு முற்றங்களில் நாள்தோறும் நடப்பதாயிற்றே என்பதால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட சிறுவனின் பெற்றோரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அவனுடைய பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன்.

மாலை நேர மக்தபில் என்னிடம் ஓதிக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பையன் அவன். நல்ல நினைவாற்றல் உடையவன். சில மாதங்களாகவே அவனுடைய ஓதலில் ஒரு குறை தென்பட்டது. உதட்டிலிருந்து பிறக்கும் எழுத்துகள் தெளிவாக வரவில்லை. தஜ்வீத் கற்றவர்கள் அறிவார்கள்: பா, மீம், வாவ், ஃபா ஆகிய நான்கும் உதடுகளின் எழுத்துகள். இரு உதடுகளும் சேர்ந்தால் பாவும் மீமும் பிறக்கும். உதடுகள் குவிந்தால் வாவ் பிறக்கும். கீழுதட்டின் உட்பகுதியில் மேல்முன்பற்களின் நுனி பட்டால் ஃபா பிறக்கும். அவனுக்கு ஃபா வரவே இல்லை. காற்றுதான் வந்தது.

அவனுடைய கீழுதடு சற்றுத் தடித்திருப்பதை நான் பார்த்தேன். ஆனால் பார்த்ததைப் பற்றிச் சிந்திக்கவில்லை. விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மாணவர்கள் அனைவருக்கும் முன்னால் அவனை நிறுத்தி, அந்த ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். "உதட்டை ஒழுங்காக வை" என்று அதட்டினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர்களை அடக்குவதற்கு முன் நானும் ஒரு நொடி புன்னகைத்திருக்கக்கூடும். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் இயலவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை வெளிநாட்டில் வேலை செய்கிறார். கதவுக்கு அப்பாலிருந்து தாயார் பேசினார்: "உஸ்தாத், அவன் வேணும்னு அப்படி ஓதலே. அவன் உதடு அவன் சொல்றதைக் கேக்கலே. பள்ளிக்கூடத்துலயும் இதுதான், தெருவுலயும் இதுதான். உங்ககிட்டயாவது நிம்மதியா இருப்பான்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாண்டுகள் போன வழி

அந்த வீட்டில் அன்று கேட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் பையன் உதடு வீங்கிய நிலையில் எழுந்தான். வலியில்லை, அரிப்பில்லை. எறும்பு கடித்திருக்கும் என்றார்கள். சில நாட்களில் வடிந்தது. ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தது. வடிய அதிக நாளாயிற்று. மூன்றாவது முறை வந்தபோது முழுவதும் வடியவில்லை. முதலில் மிருதுவாக இருந்த உதடு மெல்ல மெல்ல ரப்பரைப் போல் உறுதியாயிற்று. நடுவில் வெடித்தது, வாயோரங்களில் புண் வந்தது.

மருந்துக்கடையில் ஒவ்வாமை மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். பயனில்லை. பிறகு ஊரின் நாவுகள் வேலை செய்யத் தொடங்கின. கண்ணேறு என்றார் ஒருவர். பல்லி எச்சம் என்றார் மற்றொருவர். பையன் பொய் பேசுகிறான், அதற்குத் தண்டனை என்று கூறவும் ஒருவருக்கு மனம் வந்தது. தெருப்பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத என் விரல் கூசுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் புகைப்படம் எடுக்கும் நேரத்தில் அவனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார்கள். சிறுவனுக்கு அதன் பொருள் புரிந்தது. அதற்குப் பின் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே நடந்தான்.

இறுதியில் அவனைக் காப்பாற்றியது ஒரு பல்வலி. அதற்காக மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே வாய் நோய்ப் பிரிவில் இருந்த மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் பார்த்தார். பிறகு யாரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்: "வயிறு எப்படி இருக்கிறது?"

இது என்ன நோய்?

நான் மருத்துவன் அல்லன். அந்த மருத்துவர் பெற்றோருக்கு விளக்கியதையும், பின்னர் நான் கேட்டும் படித்தும் அறிந்ததையும் எளிமையாகச் சொல்கிறேன்.

இந்நோய்க்கு ஓரோஃபேஷியல் கிரானுலோமட்டோசிஸ் என்று பெயர். வாயிலும் முகத்திலும் உள்ள திசுக்களுக்குள் உடலின் எதிர்ப்பணுக்கள் திரண்டு சிறு முடிச்சுகளாகி, அழற்சியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் நிலை இது. அரிதானது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வருகிறது. எந்த வயதிலும் வரலாம். உதடு மட்டும் வீங்கும் வகையை 1945-இல் மீஷர் என்ற தோல் மருத்துவர் விவரித்தார். அதற்கு முன்பே 1928-இல் சுவீடனைச் சேர்ந்த மெல்கர்சன், முகவீக்கமும் முகவாதமும் சேர்ந்து வரும் நிலையை எழுதினார். 1931-இல் ஜெர்மானிய மருத்துவர் ரோசன்தால், நாக்கில் ஆழ்ந்த வெடிப்புகள் இருப்பதையும் அதனோடு சேர்த்தார். மூன்றும் ஒருவரிடமே முழுமையாக அமைவது குறைவு. இவற்றையெல்லாம் ஒரு குடையின்கீழ் கொண்டுவரும் இன்றைய பெயர் 1985-இல்தான் வழக்குக்கு வந்தது.

குடும்பங்கள் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ, ஸலாம் கூறித் தழுவுவதாலோ பரவாது. நம் விருந்துகளில் ஒரே ஸஹனில் சுற்றியமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. அந்த ஸஹனிலிருந்து இந்தப் பையன் விலக்கப்பட்டான். அதற்கு மருத்துவத்திலும் நியாயமில்லை, மார்க்கத்திலும் நியாயமில்லை.

இரண்டாவது, உதட்டில் தெரிவது முழுக்கதையாக இல்லாமல் போகலாம். குடலைத் தாக்கும் குரோன் நோய் சில வேளைகளில் வாயில்தான் முதலில் தலைகாட்டும். குறிப்பாகச் சிறுவர்களிடம் இத்தொடர்பு கணிசமாகக் காணப்படுகிறது. வயிற்றுவலி, நீடித்த வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், எடை குறைதல், வயதுக்கேற்ற வளர்ச்சி இன்மை ஆகியவற்றைப் பெற்றோர் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் வயிற்றைப் பற்றிக் கேட்டது இதனால்தான்.

மூன்றாவது, நம் நாட்டில் காசநோயும் இதே போன்ற முடிச்சுகளை உண்டாக்கும். சார்காய்டோசிஸ் என்ற நோயும் உண்டாக்கும். எனவே உதட்டிலிருந்து மிகச் சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனை செய்வார்கள்; மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் செய்வார்கள். இதை வீண் செலவு என்று தட்டிக்கழிக்கக் கூடாது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து உடலின் எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். உள்ளே காசநோய் இருப்பதை அறியாமல் அதைக் கொடுத்தால் காசநோய் வலுத்துவிடும்.

நான்காவது, எல்லா உதட்டு வீக்கமும் இந்நோய் அன்று. திடீரென வீங்கி, நாக்கும் தொண்டையும் சேர்ந்து தடித்து, மூச்சு முட்டினால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நம் வீட்டு முதியவர்கள் இரத்த அழுத்தத்துக்காக உண்ணும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு இத்தகைய திடீர் வீக்கத்தை உண்டாக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை உண்டு. உதட்டிலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி, களிம்பு, மாத்திரைகள் எனப் பல வழிகள் இருக்கின்றன. குளோஃபசிமின், டாப்சோன் போன்ற மருந்துகளையும் சிலருக்குக் கொடுப்பார்கள். இவை தொழுநோய்க்கும் தரப்படுபவை. அந்தச் செய்தி காதில் விழுந்தவுடன் மருந்தை ஒளித்துவைக்கும் குடும்பங்கள் இருக்கும். ஒரே மருந்து பல நோய்களுக்குப் பயன்படும் என்பதைப் புரிந்துகொண்டால் அந்த அச்சம் தேவையில்லை.

உணவிலும் ஒரு வழி உண்டு. சிலருக்கு இலவங்கப்பட்டையும், பென்சோயேட் எனப்படும் பதப்படுத்தும் பொருளும் இந்த வீக்கத்தைத் தூண்டுகின்றன. பிரிட்டனில் இந்நோய்க்காக, இவ்விரண்டையும் ஏறத்தாழ 12 வாரங்கள் விலக்கிப் பார்க்கும் உணவுமுறையை உருவாக்கியிருக்கிறார்கள். பலருக்கு அதனால் வீக்கம் குறைந்திருக்கிறது. இதைக் கேட்டதும் அந்தத் தாயார் திகைத்துவிட்டார். பட்டை இல்லாத நம் சமையல் எது? பிரியாணியில் பட்டை, நெய்ச்சோற்றில் பட்டை, கறிமசாலாத் தூளில் பட்டை. கடைக் குளிர்பானத்திலும் சர்பத்திலும் ஊறுகாயிலும் சோடியம் பென்சோயேட். பொட்டலத்தின் பின்புறம் 211 என்ற எண் இருந்தால் அதுதான். சில பற்பசைகளிலும் சூயிங்கம்களிலும் பட்டையின் மணம் சேர்க்கப்படுகிறது. எதையும் தாமாகவே நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போடாமல், மருத்துவரும் உணவு ஆலோசகரும் சொல்கிறபடி செய்வதே முறை.

ஓதிப் பார்ப்பதும் மருத்துவரைப் பார்ப்பதும்

"உஸ்தாத், நீங்களே ஓதி ஊதுங்கள்; இது கண்ணேறு" என்று அந்த வீட்டில் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டார். நான் ஓதினேன். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளது. கண்ணேறு உண்டு என்பதும் ஹதீஸ்களில் வந்திருக்கிறது. அதை மறுப்பவன் அல்லன் நான். தாயத்தைப் பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள்ளும் இங்கே நுழையவில்லை. நான் கேட்பது ஒன்றே: ஓதியவுடன் நம் கடமை முடிந்துவிட்டதா?

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் இருக்கிறது. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை தவிர எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. நிவாரணம் உண்டு என்ற நம்பிக்கை நம்மைத் தேடவைக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கவைக்கக் கூடாது.

கண்ணேறு என்ற சொல் சில வேளைகளில் நமக்கு வசதியாகிவிடுகிறது. அதைச் சொன்னபின் செலவில்லை, அலைச்சலில்லை, பரிசோதனையில்லை. இரண்டாண்டுகள் கழிந்தன. அந்த இரண்டாண்டுகளில் உள்ளே குடல் நோய் இருந்திருந்தால்? காசநோய் இருந்திருந்தால்? அல்லாஹ் காப்பாற்றினான். அவன் காப்பாற்றியதை நம் அலட்சியத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைப் போதிக்கும் ஒரு நிகழ்ச்சி ஸுனன் அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள் அவர்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது அவர்கள் மிகக் கடுமையாக வருந்திக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்பது அவர்களுடைய கேள்வியின் கருத்து.

அந்தத் தோழர்கள் தீய எண்ணத்தால் அவ்வாறு சொல்லவில்லை. மார்க்கத்தைப் பேணுவதாகவே நினைத்தார்கள். நானும் தஜ்வீதைப் பேணுவதாகவே நினைத்தேன். நல்ல எண்ணம் அறியாமைக்கு மருந்தாகாது.

மார்க்கம் அவனுக்கு எளிது

இத்தகைய நோயாளிகள் வீட்டில் இருந்தால் வணக்க வழிபாடுகள் பற்றிச் சில ஐயங்கள் எழும். சுருக்கமாகச் சொல்கிறேன், மத்ஹபுக்கேற்ப விவரங்கள் மாறுமாதலால் உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதட்டின் வெளிப்பகுதி முகத்தைச் சேர்ந்தது. வுளூவில் கழுவ வேண்டியது. வெடிப்பிலோ தையலிலோ தண்ணீர் பட்டால் தீங்கு என்று மருத்துவர் சொன்னால், அந்த இடத்துக்குச் சலுகை உண்டு. எஞ்சிய உறுப்புகளைக் கழுவிவிட்டு, அந்த இடத்துக்காக ஈரக்கையால் தடவுவதா, தயம்மும் செய்வதா என்பதைத் தத்தம் மத்ஹபின்படி கேட்டறியலாம். வுளூவில் வாய்கொப்பளிப்பது ஸுன்னத்து. முகவாதத்தால் தண்ணீர் வாயில் நிற்காதவரையும் புண்ணால் துடிப்பவரையும் அதற்காக வருத்தக் கூடாது. மிஸ்வாக்கும் அவ்வாறே, புண்ணைக் கிழித்துக்கொண்டு நிறைவேற்ற வேண்டிய ஸுன்னத்து எதுவும் இல்லை.

நோன்பு நேரத்தில் உதட்டின் மேல் களிம்பு தடவுவதால், அது தொண்டைக்குள் போகாதவரை, நோன்பு முறியாது. உணவாகப் பயன்படாத ஊசி நோன்பை முறிக்காது என்பதே இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு; இயன்றால் அதை இரவுக்கு மாற்றிக்கொள்வது பேணுதலானது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை ரமளான் வந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவது உடலுக்கு ஆபத்து. ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாதென்றால், நோயாளிக்குக் குர்ஆன் அளித்திருக்கும் சலுகையை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓதலைப் பற்றி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். பிறப்பாலோ நோயாலோ ஓர் எழுத்தை உச்சரிக்க இயலாதவர், தம்மால் இயன்றவாறு ஓதினால் அவருடைய தொழுகை நிறைவேறும். அதற்கும் மேலாக, சிரமத்தோடும் திக்கித் திணறியும் குர்ஆனை ஓதுபவருக்கு இரட்டை நன்மை உண்டு என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஹதீஸின் கருத்து. அல்லாஹ் இரட்டைக் கூலி எழுதும் மாணவனுக்கு நான் ஏச்சைக் கூலியாகக் கொடுத்தேன்.

சிரித்தவர்கள் எடை போடப்படுவார்கள்

நம் வீடுகளில் உருவத்தைக் கேலி செய்வது சாதாரணமாகிவிட்டது. கறுப்பன், குள்ளன், நெட்டையன், திக்குவாயன் என்று அழைத்துவிட்டு, பாசத்தால் சொல்கிறோம் என்கிறோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது, பட்டப்பெயர்களால் அழைக்கக் கூடாது என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆவது வசனம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அதில் பெண்களைத் தனியே குறிப்பிட்டும் தடை வந்திருக்கிறது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்ற காரணத்தையும் அவ்வசனம் கூறுகிறது.

இதற்கு விளக்கம் போல ஒரு நிகழ்ச்சி. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி பறிக்க அராக் மரத்தில் ஏறினார்கள். காற்றில் ஆடை விலகி, அவர்களுடைய மெலிந்த கால்கள் தெரிந்தன. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கால்களின் மெலிவைக் கண்டு என்றார்கள். அந்தக் கால்கள் மறுமைத் தராசில் உஹுது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி இது. நபியவர்கள் அங்கே சிரிப்பை அதட்டி நிறுத்தியதோடு விடவில்லை. சிரிக்கப்பட்டவரின் மதிப்பை எல்லோருக்கும் முன்னால் உயர்த்தினார்கள். நான் என் வகுப்பில் செய்திருக்க வேண்டியது அதுவே.

வாய் சம்பந்தமான சோதனைக்கு நமக்கு மூஸா (அலை) அவர்களின் முன்மாதிரியும் உண்டு. தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறு அவர்கள் அல்லாஹ்விடம் இறைஞ்சியது ஸூரா தாஹாவில் வருகிறது. தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டதும் குர்ஆனில் வருகிறது. அந்தப் பேச்சுக் குறையைச் சுட்டிக்காட்டி இழிவாகப் பேசியவன் யார்? ஃபிர்அவ்ன். ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் அது பதிவாகியிருக்கிறது. ஒருவருடைய பேச்சுக் குறையைக் கண்டு சிரிக்கும்போது நாம் எவருடைய வரிசையில் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூஸா (அலை) அவர்களுக்கு ஹாரூன் (அலை) துணை நின்றதைப் போல், பேச இயலாத பிள்ளைக்குத் துணைநிற்கும் ஒரு நண்பனையாவது நம் வகுப்புகளில் உருவாக்க வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது

பெற்றோர்களே! உதட்டு வீக்கம் சில நாட்களைத் தாண்டி நீடித்தாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ, தோல் மருத்துவரிடமோ வாய் நோய் மருத்துவரிடமோ காட்டுங்கள். வீக்கம் வரும் நாளில் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் வடிந்திருந்தால் அந்தப் படம் பேசும். அன்று என்ன சாப்பிட்டான் என்பதையும் எழுதிவையுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால், வரன் அமையாது என்று மறைத்துவைக்காதீர்கள். மறைத்த நோய் வளரும். உரிய நேரத்தில் மருத்துவம் செய்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! இத்தகைய அரிய நோய்க்கு ஒரே நாளில் விடை கிடைக்காது. திசுப் பரிசோதனை, எக்ஸ்ரே, குடல் பரிசோதனை, மாதந்தோறும் பயணம் என்று செலவு நீளும். ஏழைக் குடும்பங்கள் இரண்டாவது பயணத்தோடு நின்றுவிடுகின்றன. பைத்துல்மாலிலிருந்து இதற்கென ஒரு பகுதியை ஒதுக்குங்கள்.

ஆசிரியர்களே! ஒரு மாணவனிடம் திடீரென உச்சரிப்புக் குறை தோன்றினால், திருத்துவதற்கு முன் தனியே அழைத்துக் கேளுங்கள். வாயில் புண்ணா, பல்வலியா, காது கேட்கவில்லையா என்று கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடாததால் ஒரு பிள்ளை குர்ஆனை விட்டு இரண்டு வாரங்கள் விலகியிருந்தான்.

பையனுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. காசநோய் இல்லை என்று உறுதியாயிற்று. குடலிலும் இதுவரை குறையில்லை, அல்ஹம்து லில்லாஹ். ஆயினும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். ஊசியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் வீக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுவதும் போகவில்லை, வந்து வந்து போகும் நோய் இது என்பதையும் மருத்துவர் சொல்லிவைத்திருக்கிறார். அவனுடைய உம்மா பட்டையில்லாத பிரியாணி சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். வீட்டில் எல்லோரும் அதையே உண்கிறார்கள். அவனுக்கென்று தனிச் சட்டி வைக்கவில்லை.

அவன் திரும்பி வந்த அன்று, அனைத்து மாணவர்களுக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவமானப்படுத்தியது எல்லோர் முன்னிலையிலும் என்றால், மன்னிப்பும் எல்லோர் முன்னிலையிலும்தான் இருக்க வேண்டும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஓத உட்கார்ந்தான். ஃபா அன்றும் முழுமையாக வரவில்லை. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

இரு தாடைகளுக்கு இடையே உள்ளதையும் இரு கால்களுக்கு இடையே உள்ளதையும் பேணிக்காப்பதாக உறுதி தருபவருக்குச் சுவர்க்கத்துக்கு நான் பொறுப்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். அந்தப் பையனின் வாயில் இருந்தது நோய். அதற்கு அவனிடம் கேள்வி கணக்கு இல்லை. நம் வாயில் இருந்தது பரிகாசம். அதற்கு நம்மிடம் கேள்வி கணக்கு உண்டு.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பராமரிக்கும் பெற்றோரின் உள்ளங்களுக்குப் பொறுமையையும், நம் நாவுகளுக்குக் கட்டுப்பாட்டையும் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.